கொலாஜன் முச்சுருளும் இராமச்சந்திரன் வரைபடமும்: ஒரு மறுப்பின் வரலாறு (1952–1963)

முன்னுரை

உயிர்மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் துறை, இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் சந்திக்கும் களமாகும். இந்தியாவில் அக்களத்திற்கு வித்திட்ட இடங்களுள் சென்னைப் பல்கலைக்கழகம் குறிப்பிடத்தக்கது. 1952இல் அங்கு இயற்பியல் துறைப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற ஜி. என். இராமச்சந்திரன் முன்வைத்த கொலாஜன் அமைப்பின்மீது எழுந்த மறுப்பு, புதியதோர் ஆய்வுமுறைக்கு வழிவகுத்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொலாஜன் அமைப்பு

தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றில் மிகுந்துள்ள நார்ப்புரதம் கொலாஜன். சென்னைக்கு வருகைதந்த படிகவியலறிஞர் ஜே. டி. பெர்னால், அதன் அமைப்பு தெளிவுறாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். சென்னையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகளைத் தந்துதவியது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களோடு வேதியியற் சான்றையும் இணைத்து நோக்கினர். கொலாஜனின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசீன். பக்கத்தொகுதியாக ஒரு ஹைட்ரஜன் அணுவை மட்டுமே கொண்ட கிளைசீனே நெருக்கமான நடுப்பகுதியில் அமைய இயலும். இதன் அடிப்படையில் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். 1955இல் அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றிய முச்சுருளாக அதனைத் திருத்தினர்.

மறுப்பும் மறுமொழியும்

அதே ஆண்டில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகியோர், அவ்வமைப்பில் சில அணுக்கள் ஏற்கவியலாத அளவு நெருங்கியுள்ளன என மறுத்தனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்பதற்கு மாறாக, ஒன்றே என்றனர்.

இம்மறுப்பு அடிப்படையான வினா ஒன்றை எழுப்பியது: பிணைப்புறாத இரு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? சென்னை ஆய்வுக்குழு, அதுவரை வெளியான படிக அமைப்புகளிலிருந்து அணு இடைவெளிகளைத் தொகுத்து, இயல்பு எல்லை, புற எல்லை என இரு வரம்புகளை வகுத்தது. பின்னர், பெப்டைடுச் சங்கிலியின் ஃபை, சை எனும் இரு திருப்பக் கோணங்களின் எவ்விணைகள் அணு மோதலின்றி அமையும் எனக் கணக்கிட்டது. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இராமச்சந்திரன் 1963இல் வெளியிட்ட அக்கணக்கீடே இராமச்சந்திரன் வரைபடம்.

முடிவுரை

ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கையில் பிற்கால ஆய்வுகள் ரிச், கிரிக் கருத்தையே பெரிதும் சார்ந்தன. முச்சுருள் என்னும் அடிப்படைக் கருத்தோ நிலைபெற்றது. எனவே இவ்விவாதத்தை வெற்றி தோல்வியாக மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது. ஓர் அமைப்பைக் காக்க எழுந்த அளவுகோல், எல்லாப் புரத அமைப்புகளையும் சோதிக்கும் பொது அளவுகோலாயிற்று. இன்றும் புதிய புரத அமைப்புகளின் நம்பகத்தன்மை இவ்வரைபடத்தால் சரிபார்க்கப்படுவது இதற்குச் சான்றாகும்.