ஆரஞ்சு நாட்டில் உறைபனி

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது நம் முன்னோர் வழங்கிவந்த பழமொழி. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மலைநாட்டில் பிறந்து வளர்ந்த மாணவர்களுக்கு இப்பழமொழியின் பொருளை விளக்குவது எளிதன்று. அவர்கள் அறிந்த பனிக்கட்டி கடைத்தெருவில் வாங்கிக் குடிக்கும் பானத்தில் மிதப்பது. குளிர் என்றால் கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்ற நாள்தான் அவர்கள் நினைவுக்கு வரும். ஆயினும், குளிர் குறைந்த நிலத்தில் வாழ்வோரும் பனிக்காலத்தை அஞ்சிக் கவனிக்க வேண்டிய நிலை உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியில் உள்ள புளோரிடா மாநிலத்தின் வரலாறு அதற்குச் சான்று.

வடநாட்டான் பனிக்குப் பழகியவன். அவன் வீடும் உடையும் பயிரும் அதற்கேற்ப அமைந்தவை. தென்னாட்டானோ பனி வராது என்னும் நம்பிக்கையின் மீது தன் தோட்டத்தை நட்டு வைத்தவன். பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஓர் இரவே அவன் வாழ்நாள் உழைப்பை அழித்துவிடும். எனவே, வானிலையை முன்னறிய வேண்டிய தேவை இவனுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

நிலமும் காற்றும்

புளோரிடாவின் நடுப்பகுதியில் உள்ள ஓர்லாண்டோ நகரமும் இந்தியத் தலைநகரான புதுதில்லியும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் அமைந்தவை. எனினும் இரண்டிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. புதுதில்லிக்கு வடக்கே இமயமலை அரணாக நின்று ஆசியாவின் உள்நிலத்துக் குளிர்காற்றைத் தடுக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலோ வடதுருவப் பகுதி முதல் மெக்சிகோ வளைகுடா வரை குறுக்கே ஒரு மலைத்தொடரும் இல்லை. கனடாவின் பனிவெளிகளில் நாள்கணக்கில் தேங்கிக் கனத்த காற்று சில வேளைகளில் சமவெளி வழியாகத் தெற்கே பாய்ந்து வருகிறது. இரண்டு மூன்று நாள்களில் அது ஆரஞ்சுத் தோட்டங்களை அடைந்துவிடும்.

அமெரிக்க மண்ணுக்கு ஆரஞ்சைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். அவர்கள் 1565 இல் செயின்ட் அகஸ்டின் நகரை நிறுவினர். நாளடைவில் அந்நகரைச் சூழ ஆரஞ்சுத் தோப்புகள் செழித்தன. 1835 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் அத்தோப்புகளின் மரங்கள் தரைமட்டம் வரை கருகின. அப்போது தந்தி இல்லை. வடக்கே என்ன நிகழ்கிறது என்று அறிய ஒரு வழியும் இல்லை. வேரிலிருந்து துளிர்த்தவற்றையும் புதிய கன்றுகளையும் வளர்த்து மக்கள் மீண்டும் தொடங்கினர். ஒரு தலைமுறை கழிந்ததும் அக்குளிர் கதையாகிவிட்டது.

1894-95: இரண்டு இரவுகள்

1880 ஆம் ஆண்டுகளில் இருப்புப்பாதை புளோரிடாவின் உட்பகுதியை எட்டியது. வடமாநிலத்தார் திரளாக வந்து நிலம் வாங்கினர். ஆரஞ்சு பொன்னாக விளைந்தது. ஆண்டுக்கு ஐம்பது இலட்சம் பெட்டிகளுக்கு மேல் பழம் ஏற்றுமதியானது.

1894 டிசம்பர் இறுதியில், நம் கணக்கில் மார்கழி நடுவில், முதல் குளிர் வந்தது. ஓர்லாண்டோவில் வெப்பநிலை பாரன்ஹீட் 18 பாகைக்கு, அதாவது செல்சியஸ் சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 8 பாகைக்கு இறங்கியது. அந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுவே. பழங்கள் மரத்திலேயே உறைந்து வீணாயின. ஆயினும் மரங்கள் பிழைத்தன. அடுத்து வந்த வாரங்கள் வெப்பமாக இருந்தமையால் மரங்களில் நீரோட்டம் பெருகியது, இளந்தளிர் விட்டது. தோட்டக்காரர் பெருமூச்சு விட்டனர்.

1895 பிப்ரவரி 7, 8 நாள்களில், தை கழியும் வேளையில், இரண்டாவது குளிர் தாக்கியது. சாறு நிறைந்திருந்த மரங்களின் உள்நீர் உறைந்து விரிந்ததால் பட்டைகள் வெடித்துப் பிளந்தன. முதல் குளிரைத் தாங்கிய மரங்கள் இரண்டாவதில் மடிந்தன. இடையில் வந்த வெம்மையே அவற்றின் அழிவுக்குக் காரணமாயிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விளைச்சல் ஓர் இலட்சம் பெட்டி அளவிற்குச் சரிந்தது. மீண்டும் பத்து இலட்சத்தைத் தாண்ட 1901 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வங்கிகள் மூடப்பட்டன. குடும்பங்கள் தட்டுமுட்டுப் பொருள்களையும் விட்டுவிட்டு வடக்கே திரும்பின. தங்கியவர்கள் தெற்கே தள்ளிச் சென்று மீண்டும் நட்டனர். புளோரிடாவின் ஆரஞ்சு நிலம் பனியால் விரட்டப்பட்டுத் தெற்கு நோக்கி நகர்ந்த வரலாறு இங்கே தொடங்குகிறது.

ஒரு சீனக் குடியேறி

அங்கேயே தங்கியவர்களுள் ஒருவரை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர் பெயர் லூ கிம் கோங். சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் பிறந்து, சிறுவனாகவே அமெரிக்காவிற்குக் கப்பலேறி, மாசசூசெட்சில் காலணித் தொழிற்சாலையில் உழைத்தவர். பின்னர் புளோரிடாவின் டிலாண்ட் நகருக்கு வந்து ஆரஞ்சுத் தோட்டத்தில் ஆய்வு செய்தார். குளிரை ஓரளவு தாங்குவதும், பழுத்த பின்பும் நெடுநாள் உதிராமல் மரத்திலேயே நிற்பதுமான ஓர் ஆரஞ்சு வகையை உருவாக்கினார். அதற்காக அமெரிக்கப் பழவியல் கழகம் 1911 இல் அவருக்கு வைல்டர் பதக்கம் வழங்கியது. பதக்கம் கிடைத்ததேயன்றிப் பொருள் சேரவில்லை. 1925 இல் அவர் வறுமையில் மறைந்தார். கடல் கடந்து வந்து பிறர் மண்ணை வளமாக்கியவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அவர் வாழ்க்கை புரியாததன்று.

தந்தியும் கொடியும்

அமெரிக்க அரசு 1870 இல் இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் வானிலைப் பணியை ஒப்படைத்தது. பல ஊர்களில் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகள் தந்தி வழியாக ஓரிடத்தில் சேர்ந்தன. குளிர்காற்று குதிரையைவிட விரைந்து வருவது. தந்தியோ குளிர்காற்றையும் முந்துவது. வடக்கே வெப்பநிலை சரிந்த செய்தி, தெற்கே குளிர் சேர்வதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. 1891 இல் இப்பணி வேளாண்மைத் துறையின்கீழ் வந்தது. நடுவில் கருஞ்சதுரம் வைத்த வெள்ளைக் கொடி குளிரலை வருவதற்கான அடையாளமாக ஊர்தோறும் ஏற்றப்பட்டது.

1899 பிப்ரவரியில் வந்த குளிர் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகக் கடுமையானது. பிப்ரவரி 13 ஆம் நாள், மாசி பிறந்த வேளையில், தல்லஹாசி நகரில் பாரன்ஹீட் சுழியத்திற்கும் கீழே 2 பாகை பதிவாயிற்று. செல்சியஸ் கணக்கில் இது சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 19 பாகை ஆகும். மிசிசிப்பி ஆற்றில் பனிப்பாளங்கள் மிதந்து நியூ ஓர்லியன்சைக் கடந்து கடலில் கலந்தன.

கொடியைக் கண்டவன் குளிர் வருவதை அறிந்தான். ஆனால் எத்தனை பாகை, எத்தனை மணி நேரம், எந்தத் தாழ்நிலத்தில் என்பதைக் கொடி சொல்லவில்லை. தோட்டக்காரனுக்கு வேண்டியது அதுவே. பாரன்ஹீட் 28 பாகைக்குக் கீழே நான்கு மணி நேரம் நீடித்தால் பழம் கெடும் என்பது அவர்கள் பட்டறிவால் கண்ட கணக்கு. இரண்டு பாகை வேறுபாட்டில் ஓராண்டு வாழ்வு தங்கியிருந்தது.

லேக்லண்டின் குரல்

1934 டிசம்பரில் மற்றொரு குளிர் தாக்கிய பின்னர், நடுவண் அரசும் மாநிலமும் இணைந்து 1935 இல் லேக்லண்ட் நகரில் உறைபனி எச்சரிக்கைப் பணியைத் தொடங்கின. வாரன் ஜான்சன் என்னும் வானிலையாளர் அதனை நீண்டகாலம் நடத்தினார். தோட்டங்களுக்குள்ளேயே வெப்பமானிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு வட்டாரத்திற்கும் அன்றிரவு எதிர்பார்க்கப்படும் குறைந்த வெப்பநிலை வானொலியில் அறிவிக்கப்பட்டது.

அந்த அறிவிப்பின் பின்னே ஓர் அறிவியல் நுட்பம் உண்டு. காற்றசையாத தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப் பள்ளங்களில் தேங்குகிறது. ஆனால் மரங்களுக்குச் சற்று மேலேயே வெப்பமான காற்று நிற்கிறது. அத்தகைய இரவில் எண்ணெய் அடுப்புகளை எரித்தும், பெருவிசிறிகளைச் சுழற்றியும் மரங்களைக் காக்கலாம். வடகாற்று பலமாக வீசும் இரவிலோ இம்முயற்சிகள் பெரும்பாலும் பயன்படா. ஏரிகளின் தென்கரையில் தோட்டம் வைத்தவர்கள் தப்பியதும் இக்காரணம் பற்றியே; ஏரிநீரைக் கடந்து வரும் காற்று சற்றே வெம்மை பெறுகிறது. பிற்காலத்தில் மரங்களின்மேல் நீர் தெளிக்கும் முறையும் பரவியது. நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுவதால், பனிக்கட்டியாலேயே உறைபனியைத் தடுக்கலாம். ஆனால் நீர் இடைவிடாது விழவேண்டும். இயந்திரம் இடையில் நின்றால் கேடு இரட்டிப்பாகும்.

ஆகவே முன்னறிவிப்பு இருபுறமும் கூரான வாள். குளிர் வரும் என்று சொல்லி வராவிட்டால், எரித்த எண்ணெய்க்கும் விழித்த இரவுக்கும் விலை யார் தருவது? வராது என்று சொல்லி வந்துவிட்டால், தோட்டமே போயிற்று. ஒவ்வோர் இரவும் இந்தப் பொறுப்பைச் சுமந்தவர்கள் லேக்லண்டின் வானிலையாளர்கள்.

கூலியாள்களின் குளிர்

1981, 1982, 1983, 1985, 1989 என ஒரே பத்தாண்டில் ஐந்து கடுங்குளிர்கள் வந்தன. ஓர்லாண்டோவுக்கு மேற்கே இருந்த தோட்டங்கள் மீண்டும் நடப்படாமல் வீட்டுமனைகளாயின. ஆரஞ்சு மீண்டும் தெற்கே நகர்ந்தது.

இவ்வரலாற்றில் தோட்டமுதலாளியின் இழப்பே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. பழம் பறித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களும், பின்னாளில் மெக்சிகோ, கரீபியன் நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் ஆவர். பறித்த அளவுக்கே கூலி. உறைந்த பழத்தைச் சாறு ஆலைக்கு விரைந்து அனுப்பும் சில நாள்களில் வேலை மும்முரமாக இருக்கும். அதன்பின் வேலையே இராது. மழை பெய்த காலையில் பால்மரம் வெட்ட இயலாமல், அன்றைய கூலியை இழந்து லயத்து வாசலில் வானத்தைப் பார்த்து நின்ற தோட்டத் தொழிலாளியின் முகத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நாடு வேறு, பயிர் வேறு. அந்த முகம் ஒன்றே.

கேளாத எச்சரிக்கை

முன்னறிவிப்பு மட்டும் போதாது என்பதையும் புளோரிடாவே உலகுக்குக் காட்டியது. 1986 ஜனவரி 27 ஆம் நாள் மாலை, மறுநாள் கடுங்குளிர் என்பது தெரிந்திருந்தது. கேப் கெனவரலில் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட ஆயத்தமாக நின்றது. உந்துகலத்தின் இணைப்புகளை அடைக்கும் இரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிப் பயனற்றுப் போகும் என்று ரோஜர் பாய்ஸ்ஜோலி முதலிய பொறியாளர்கள் எச்சரித்தனர். அதுவரை விண்ணோடம் புறப்பட்ட நாள்களில் மிகக் குளிர்ந்தது பாரன்ஹீட் 53 பாகை. 28 ஆம் நாள் காலையிலோ 36 பாகை. எச்சரிக்கை புறந்தள்ளப்பட்டது. ஏவிய 73 நொடிகளில் கலம் சிதைந்தது. எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் விண்வெளியிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தச் சென்ற பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப்.

இரப்பரின் இயல்பை நாம் அறிவோம். அது நம் முன்னோர் பாலெடுத்து வளர்த்த பொருள். குளிர்ந்த இரப்பர் இறுகும் என்பது தெரியாததால் அவ்விபத்து நேரவில்லை. தெரிந்தவர் சொல்லைக் கேட்க வேண்டியவர் கேளாததால் நேர்ந்தது.

நமக்குரிய பாடம்

செலவைக் குறைக்கும் பொருட்டு 1996 இல் அமெரிக்க நடுவண் அரசு தோட்டங்களுக்கான தனி உறைபனி அறிவிப்பை நிறுத்திக்கொண்டது. மறு ஆண்டு ஜனவரியிலேயே கடுங்குளிர் வந்து தென்புளோரிடாவின் காய்கறிப் பயிரை அழித்தது. அதன்பின் புளோரிடாப் பல்கலைக்கழகம் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவி அக்குறையை ஈடுசெய்தது. இன்றைய தோட்டக்காரனுக்குக் குளிரினும் பெரும்பகையாக, 2005 இல் அங்குக் கண்டறியப்பட்ட பச்சைநோய் நிற்கிறது. எனினும் குளிர் போய்விடவில்லை. 2025 ஜனவரி 21 ஆம் நாள் நியூ ஓர்லியன்சிலும் புளோரிடாவின் மேற்கு மூலையில் உள்ள மில்டனிலும் 8 அங்குல அளவிலும் அதற்கு மேலும் பனி பெய்தது. புளோரிடாவில் அதற்குமுன் பதிவான பெரும்பனி 1954 இல் அதே மில்டனில் பெய்த 4 அங்குலமே. இம்முறை எச்சரிக்கை நாள்கணக்கில் முன்னதாகவே கிடைத்தது. பள்ளிகளும் சாலைகளும் உரிய நேரத்தில் மூடப்பட்டன.

வடக்கின் குளிர் நம்மையும் தொடாமல் இல்லை. சைபீரியாவில் கனத்த காற்று தென்சீனக் கடலைக் கடக்கும்போது வெம்மையும் ஈரமும் பெற்று, கிளந்தானிலும் திரங்கானுவிலும் பெருமழையாகக் கொட்டுகிறது. 1926, 1971, 2014 ஆம் ஆண்டுகளின் வெள்ளங்கள் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிகழ்ந்தவையே. புளோரிடாவில் உறைபனியாக இறங்குவது நம் நாட்டில் வெள்ளமாக இறங்குகிறது.

அடுத்த டிசம்பரில் வானொலியில் வானிலை அறிக்கை ஒலிக்கும்போது, வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைக் கேட்கச் செய்வோம். நிலப்படத்தை விரித்து, அக்காற்று எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று மாணவர்களைக் கேட்போம். தைப் பனி தரையைத் துளைக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் தங்கள் வானத்தைக் கவனித்து வாழ்ந்தவர்கள். நம் வானத்தைக் கவனிப்பது நம் கடமை.