தேவிகுளத்துப் பாறையும் காவிரிப் படுகையின் மணலும்: ஆழ்துளைப் பதிவின் வரலாறு

தேவிகுளத்தில் துளையிடுவோருக்குப் படிவுப் பாறை அகப்படுவதில்லை. அங்குள்ளவை கிரானைட்டும் நைஸும். நீர் பாறை வெடிப்புகளில்தான் ஊறுகிறது. ஆயினும் சமவெளியின் படிவு வரலாற்றில் இம்மலைகளுக்குப் பங்குண்டு. ஆனைமுடிச் சரிவில் தோன்றும் பாம்பாறு, மறையூர் வழியே கிழக்கே இறங்கி, அமராவதி வாயிலாகக் காவிரியைச் சேர்கிறது. மலை தேய்ந்த மணலும் அவ்வழியே இறங்கியது.

புதையுண்ட மணல் அடுக்குகளைத் தோண்டி எடுக்காமலே வாசிக்கும் முறை பிரான்சில் பிறந்தது. 1927 செப்டம்பர் 5 அன்று, அல்சாசின் பெஷல்புரோன் எண்ணெய் வயலில், ஷ்லும்பர்ஜே சகோதரர்களின் குழு ஆன்ரி டால் தலைமையில் துளையினுள் மின்வாய்களை இறக்கியது. ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி மின்தடையை அளந்து, கையாலேயே வரைகோட்டைத் தீட்டியது. எண்ணெயோ நன்னீரோ நிறைந்த மணற்கல் மின்னோட்டத்தைத் தடுக்கும்; உப்புநீர் நிறைந்தது எளிதில் கடத்தும். களிக்கல்லும் எளிதில் கடத்தும் என்பதே சிக்கல். உப்புநீர் மணலையும் களியையும் பிரித்தறிய மின்தடை மட்டும் போதவில்லை.

1930களின் இறுதியில் வந்த காமாப் பதிவு இக்குறையை நிரப்பியது. களியில் பொட்டாசியமும் தோரியமும் யுரேனியமும் மிகுதியாகத் தங்குவதால், அதன் இயற்கைக் கதிர்வீச்சு தூய மணலினதைவிட உயர்ந்திருக்கும். இரும்புக் குழாய் பொருத்திய துளையிலும் இதை அளக்கலாம். துளைமை அறிய உதவும் நியூட்ரான் பதிவு 1940களின் தொடக்கத்தில் சேர்ந்தது.

காவிரிப் படுகையின் முதல் ஆழ்துளை 1964-இல் காரைக்கால் அருகே இறங்கியது. கிரெட்டேசிய காலம் முதல் இப்படுகையை நிரப்பிய படிவுகள் பெரும்பாலும் மேற்கிலுள்ள படிகப் பாறைகளிலிருந்து வந்தவை. அத்தகைய மணலில் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார் மிகுந்திருந்தால், அதுவும் காமாப் பதிவில் களிபோலத் தோன்றும். அக்கோட்டை மட்டும் நம்புபவர் நல்ல நீர்த்தாங்கியையே களியென ஒதுக்கிவிடுவார்.

இது எண்ணெய் தேடுவோரின் கவலை மட்டுமன்று. கடலோர டெல்டாவில் நன்னீர் அடுக்கும் உப்புநீர் அடுக்கும் மேலும் கீழுமாக அமைகின்றன. வடிகுழாயை எந்த ஆழத்தில் பொருத்துவது என்பதை இப்பதிவுகளே தீர்மானிக்கின்றன. தவறாக வாசித்தால் ஊர்க் கிணற்றில் உப்பு ஏறும். ஆகவே மின்தடை, காமா ஆகிய இரு கோடுகளையும், துளையிலிருந்து வெளிவந்த பாறைத் துகள்களையும் ஒப்பிட்டுப் படிப்பதே வழக்கமாயிற்று. மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்பதை அறிந்தவருக்கே அக்கோடுகள் முழுமையாகப் பொருள் தரும்.