பந்தி கேசட்டும் பொற்காலங்களும்

சென்ற கோடையில் ஜவ்வாது மலைக்கு நடுகல் பார்க்கப் போயிருந்தோம். பார்த்தது ஒலிநாடாக்களை. ஜமுனாமரத்தூரிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள சிற்றூரொன்றில், முன்பு மைக் செட் வாடகைக்கு விட்டுவந்த பெரியவர் ஒருவர் வழிகாட்ட இசைந்திருந்தார். வெயில் தாழட்டும் என்று வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தார். பேச்சு எப்படியோ இளையராஜாவிடம் போயிற்று. (தமிழ்நாட்டில் எந்தப் பேச்சும் அரைமணி நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.) உடனே பரணிலிருந்து இரண்டு தகரப் பெட்டிகள் இறங்கின. இருநூறு கேசட்டுகளாவது இருக்கும். பலவற்றின் அட்டையில் சிவப்பும் நீலமுமாகச் சிறு கோடுகள். திருவிழாவிலோ கல்யாணத்திலோ யாராவது வந்து “இன்னொரு தரம் போடு” என்று கேட்டால் ஒரு கோடு கிழித்துவைப்பாராம்.

இலக்கிய வரலாறு கற்பிக்கிறவர்களுக்குக் காலப்பகுப்பு ஒரு தொழில்நோய். சங்க காலம், சங்கம் மருவிய காலம், பக்தி இயக்கக் காலம் என்று வெட்டி அடுக்காவிட்டால் தூக்கம் வராது. இசை ரசிகர்கள் இதில் நம்மை விஞ்சியவர்கள். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு தொடக்கம், ‘முள்ளும் மலரும்’ (1978), ‘ஜானி’ (1980) வழியே ஏறுமுகம், எண்பதுகள் பொற்காலம், 1992இல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரஹ்மான் வந்தபின் இறங்குமுகம். இதுவே பாடப்புத்தக வாய்பாடு. அதே 1992இல்தான் ‘தேவர் மகன்’ வந்தது என்று நினைவூட்டினால், அது விதிவிலக்கு என்பார்கள். ‘சேது’ (1999), ‘ஹே ராம்’ (2000), ‘விடுதலை’ (2023) எல்லாமே விதிவிலக்குகள்தாம். விதிவிலக்குகள் முப்பது ஆண்டுகள் நீளுமானால் சந்தேகிக்க வேண்டியது விதியையே அல்லவா?

இன்னொரு சாரார் நுட்பமானவர்கள். அவர்களுக்கு இளையராஜா என்பது ஒரு மனிதரல்லர், ஒரு குழு. நரசிம்மனின் வயலின், நெப்போலியனின் புல்லாங்குழல், புருஷோத்தமனின் டிரம்ஸ், சதானந்தத்தின் கிதார், விஜி மானுவலின் கீபோர்டு என்று பெயர் பெயராகச் சொல்வார்கள். கூடத்தில் அமர்ந்து மனிதர்கள் வாசித்த காலம் போய் எந்திரம் வாசிக்கத் தொடங்கியதே வீழ்ச்சி என்பது இவர்கள் கட்சி. ஆனால் கணினி இசையைப் பயன்படுத்திய ‘புன்னகை மன்னன்’ வந்தது 1986இல், பொற்காலத்தின் நட்டநடுவில். எந்திரத்தைப் பழிப்பவர்கள் அந்தப் படத்தின் பாடல்களுக்கு உருகுவதையும் கண்டிருக்கிறோம்.

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. ‘அன்னக்கிளி’ வெளியான அதே 1976இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மார்க் ஈ. ஸ்மித் ‘தி ஃபால்’ என்ற ராக் குழுவைத் தொடங்கினார். 2018இல் அவர் இறக்கும்வரை அது நீடித்தது. குழுவில் வந்துபோனவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். இசைத்தொகுப்புகள் முப்பதுக்கு மேல். எந்த ஆண்டுக் குழு உண்மையான ‘தி ஃபால்’ என்று அதன் ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். ஸ்மித்தின் மனைவி பிரிக்ஸ் கிதார் வாசித்த எண்பதுகளே உச்சம் என்பார் ஒருவர். அவர் வந்ததே சரிவு என்பார் மற்றொருவர். விசாரித்தால், பெரும்பாலும் இருவரும் தத்தம் பதினேழு வயதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நம் பதினேழு வயது ரஹ்மானுடையது. அதை ஒளிப்பதற்கில்லை. “இளையராஜா முடிந்தது” என்று விடுதியில் நண்பனொருவன் தீர்ப்புச் சொன்னபோது, அந்த ஆண்டு வந்த எதையும் கேளாமலே தலையாட்டினோம். இதைவிட மோசமான ஒன்றைப் பின்னாளில் செய்தோம். கேசட் கடைகளில் ரசிகர்கள் எழுதிக்கொடுத்த பாடல் பட்டியல்களைத் திரட்டி ஆய்வு செய்ய விரும்பிய மாணவி ஒருவரை, “ரசிகர் பேச்சு சான்றாகாது” என்று திருப்பி அனுப்பினோம். அவர் புறநானூற்றில் நீர்நிலைகள் என்று தலைப்பை மாற்றிக்கொண்டார். நல்ல ஆய்வேடுதான், அதைப் போல் இன்னும் பத்து இருக்கும். பட்டியல்களோ, எடைக்குப் போயிருக்கும்.

அந்தத் திண்ணையில் இருந்தபோது அது உறுத்தியது. காரணம் இடம். இந்த மலைத்தொடரை அடுத்த செங்கம் பகுதிதான் மலைபடுகடாத்தின் நாடு. நன்னனைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் வேறொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். அவர்கள் முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல் என்று வாத்தியங்களைப் பையிலிட்டுச் சுமந்து வருகிறார்கள். சுருங்கச் சொன்னால், ஓர் இசைக்குழு இன்னோர் இசைக்குழுவுக்குச் சொன்ன அபிப்பிராயம் அது. சோறு போட்டவனைப் பற்றிய புகழ்ச்சியும்கூட. 1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சிட்ட பிறகு அதைச் சான்றாகக் கொண்டு ஊர், ஆறு, உணவு, விளைச்சல் அனைத்தையும் எழுதிவிட்டோம். கூத்தன் சொன்னால் வரலாறு. மைக் செட்காரர் கோடு போட்டால் வெறும் ரசனை!

பெட்டிகளைப் பார்க்கத் தொடங்கினோம். ‘கரகாட்டக்காரன்’ (1989) அட்டையில் கோடு போட இடமில்லாமல் தாள் ஒட்டியிருந்தார். அது எதிர்பார்த்ததே. நகரத்து ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ‘ஜானி’க்கு நான்கே கோடுகள். ‘சின்னத்தம்பி’யில் (1991) சிவப்பைவிட நீலம் மிகுந்திருந்தது. நீலம் எதற்கு என்று கேட்டோம்.

“பொம்பளைங்க நேரா வந்து கேக்க மாட்டாங்க சார். புள்ளைங்கள அனுப்புவாங்க. அவன் கேக்குறானா, அவங்கம்மா கேக்கச் சொன்னாங்களான்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியும். அதுக்கு நீலம்.”

இத்தகைய பகுப்பைச் செய்த தரவு வேறெதையும் நாம் கண்டதில்லை.

1992க்குப் பிந்தைய கேசட்டுகளிலும் கோடுகள் குறையவில்லை. ‘ரோஜா’வும் அதே பெட்டியில், அதே வரிசையில், தன் பங்குக் கோடுகளோடு இருந்தது. இறங்குமுகம் என்றெல்லாம் சொல்கிறார்களே என்றதற்கு, “இது அவரு, அது இவருன்னு எங்க ஊர்ல யாரும் பிரிச்சுக் கேக்கலையே சார்” என்றார். கோடுகள் நிற்குமிடம் கேசட்டே நின்றுபோன இடந்தான். ஒரே மனிதரின் கணக்கு, சில ஊர்களின் விசேஷங்கள், அவ்வளவுதான். இதைக் கொண்டு மலை முழுவதற்கும் தீர்ப்பு எழுத மாட்டோம். ஆயினும் காலப்பகுப்பு கீழ்நாட்டுச் சரக்கு என்ற ஐயம் நமக்கு வலுத்துவிட்டது.

வியப்பு கடைசியில் வந்தது. ‘ஹவ் டு நேம் இட்?’ 1986இல் வெளியான வாத்திய இசைத்தொகுப்பு. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அது கர்நாடக இசையா, மேற்கத்திய இசையா, இரண்டும் கெட்டானா என்று படித்தவர்கள் சண்டையிட்டு ஓய்ந்த ஒன்று. அந்தக் கேசட்டின் மேல் பெரியவரின் கையெழுத்தில் ‘பந்தி’ என்றிருந்தது. “சோறு துன்னும்போது பாட்டுல பேச்சு இருக்கக்கூடாது சார். எலையில கவனம் இருக்காது. இதப் போட்டா பொறுமையாத் துன்னுவாங்க.” அதற்கு ஒரு கோடுகூட இல்லை. யாரும் திரும்பக் கேட்டதில்லை; ஆனால் நாடா தேய்ந்து போனதால் மூன்றுமுறை புதிது வாங்கியிருக்கிறார்.

பேச்சு சிம்பொனிக்கு வந்தது. 1993இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு வாசித்துப் பதிவான இளையராஜாவின் சிம்பொனி வெளிவரவேயில்லை. யாரும் கேளாத அந்த இசையைப் பற்றி, அது உலகத்தரம் என்றும், தேறாததால் முடங்கியது என்றும் ரசிகர்கள் முப்பதாண்டுக் காலம் வாதிட்டிருக்கிறார்கள். 2025 மார்ச் 8 அன்று ‘வேலியன்ட்’ என்ற வேறொரு புதிய சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. அந்தச் செய்தியைப் பெரியவர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்.

“நீங்க கேட்டீங்களா சார்?”

இன்னும் முழுதாகக் கேட்கவில்லை என்றோம்.

“பந்திக்கு ஆவுமா?”

இருட்டிவிட்டது. நடுகல்லை அன்று பார்க்கவில்லை.