பாரி, மில்மன் (1902–1935)

அமெரிக்கக் கிரேக்கவியல் அறிஞர். ஹோமரின் பெயரால் வழங்கும் இலியட், ஒடிசி காவியங்களின் நடை வாய்மொழிப் பாடகர்களின் மரபில் விளைந்தது என்று அவற்றின் சொல்லமைப்பைக் கொண்டே வாதிட்டவர். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்து பெர்க்லியில் பயின்றார்.

1928-இல் பாரிஸ் சார்போனில் முனைவர் பட்டம் பெற்றார். இலியடின் நாயகன் அக்கிலீஸ் உட்கார்ந்திருக்கும்போதும் 'விரைந்த காலினன்' எனப்படுவது ஏன்? இடத்துக்கேற்ற பொருளை விட, அடியில் எஞ்சிய சீர்களை நிறைக்கும் தேவையே காரணம் என்றார் பாரி. ஒரு வீரனுக்கு ஒரு யாப்பிடத்தில் பெரும்பாலும் ஒரே அடைமொழிதான் வருகிறது. இவ்வளவு சிக்கனமான சொற்கிடங்கு தனியொரு புலவரின் ஆக்கமாக இருக்க இயலாது என்பது அவர் முடிவு.

பின்னர் ஹார்வர்டில் ஆசிரியரானார். உயிருள்ள மரபொன்றில் தம் கருத்தைச் சோதிக்க 1933-இலும், மீண்டும் 1934–35-இலும் யூகோஸ்லாவியா சென்றார். உதவியாளர் ஆல்பர்ட் லார்ட்; மொழித்துணைவர் நிகோலா வுய்னோவிச், அவரும் ஒரு பாடகர். ஒலிப்பதிவுக்கான அலுமினியத் தட்டின் ஒரு பக்கம் சில நிமிடமே தாங்கும் என்பதால் இரட்டைச் சுழல்மேசைக் கருவி ஒன்றைச் செய்வித்தார். ஒன்று முடியுமுன் மற்றது ஓடத் தொடங்கும், பாட்டு அறுபடாது. ஒற்றை நரம்புக் குஸ்லேயை இழைத்துக்கொண்டு பாடும் அங்குள்ள முஸ்லிம் பாடகர்கள், ரமலான் இரவுகளில் காப்பிக்கடைகளில் விடிய விடியப் பாடிப் பழகியவர்கள்.

பியேலோ போலியேயின் அவ்தோ மெஜெதோவிச் இறைச்சிக் கடைக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட 'ஸ்மைலாகிச் மெகோவின் திருமணம்' 12,000 அடிகளைத் தாண்டியது. ஏறத்தாழ ஒடிசியின் நீளம். ஒருமுறை, அவ்தோ அதுவரை கேட்டிராத பாட்டொன்றை வேறொருவரைப் பாடவைத்தார் பாரி. கேட்டு முடித்த அவ்தோ, நல்ல பாட்டுத்தான், இன்னும் நன்றாகப் பாடலாம் என்ற தோரணையில் அதையே ஏறக்குறைய மூன்று மடங்காக்கிப் பாடினார். பாரியின் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1935 டிசம்பர் 3 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் விடுதியொன்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். விபத்து என்பதே பெரும்பாலும் ஏற்கப்பட்ட கூற்று. தற்கொலை என்ற ஐயமும் நெடுநாளாக உண்டு.

லார்டின் 'கதைப் பாடகன்' (1960) இக்கொள்கையைப் பரப்பியது. ஹோமர் காவியங்கள் உருவானதில் எழுத்துக்கும் பங்குண்டா என்பதில் அறிஞர்கள் ஒருமுகப்படவில்லை. க. கைலாசபதி, பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் மேற்கொண்ட ஆய்வின் வழி, சங்கப் பாடல்களுக்குப் பாரியின் முறையைப் பொருத்திக் காட்டினார். நூல் 1968-இல் வந்தது. சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்களை முன்மாதிரியாகக் கொண்ட புலவர் ஆக்கங்களே என ஜார்ஜ் ஹார்ட் மறுத்தார்.

பாரியின் கட்டுரைகளை மகன் ஆடம் பாரி 1971-இல் தொகுத்தார். 2021-இல் ராபர்ட் கனிகல் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 3,500-க்கு மேற்பட்ட அலுமினியத் தட்டுகள் ஹார்வர்டில் உள்ளன.