ஜமக்காளக் கடையும் மிஸ் பூவும்

போன மாசம் அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தான். ஈரோட்டுல மரச்செக்கு எண்ணெய்க் கடை வெச்சிருக்கான். கடைக்கு வெப்சைட் தயாராம். "மாமா, பாத்துட்டு சொல்லுங்க" என்று திறந்து காட்டினான். திரை முழுக்க வீடியோ. செக்கு சுத்துது, எண்ணெய் சொட்டுச் சொட்டா விழுது, பின்னணியில் புல்லாங்குழல். உண்மையிலேயே அழகா இருந்துச்சு. சொன்னேன். அவனுக்கு சந்தோஷம்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது அதையே என் ஃபோனில் திறந்தேன். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுத்திக்கொண்டே இருந்தது. சித்தோடு தாண்டும் வரைக்கும் சுத்தியது.

எனக்கு 2001 ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லாமல் அவனிடம் இதைப் பேச முடியாது என்று தோன்றியது. பழைய குறிப்புகளைத் தோண்டி எடுத்ததில் இந்தக் கட்டுரை வந்தது. என் கதைக்கு முன்னால் லண்டன் கதை ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டென், காய்சா லியாண்டர் என்று ஸ்வீடன்காரர்கள் இரண்டு பேர். சிறுவயது நண்பர்கள். 1997ல் பொகுஸ் என்ற பெயரில் ஆன்லைன் புத்தகக் கடை ஆரம்பித்து, நன்றாக ஓடியதும் விற்றுவிட்டார்கள். அடுத்து துணி. பட்ரிக் ஹெடெலின் என்பவரையும் சேர்த்துக்கொண்டு, லண்டன் கார்னபி தெருவில் அலுவலகம் போட்டு, பூ டாட் காம் என்று ஒரு கடை. விளையாட்டு உடைகள், ஷூக்கள், நாகரிக உடுப்புகள். முதல் போட்டவர்களில் பெனட்டன் குடும்பமும் பெர்னார் அர்னோவும் உண்டு. துணி வியாபாரம் தெரியாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது.

1999 மே மாசம் திறப்பதாகத் திட்டம். தள்ளித் தள்ளி நவம்பர் 3ஆம் தேதிதான் திறந்தார்கள். ஒரே நாளில் 18 நாடுகளில், பல மொழிகளில், பல நாணயங்களில். சட்டையைத் திரையில் திருப்பிப் பார்க்கலாம், நெருங்கிப் பார்க்கலாம், ஒரு பொம்மை உருவத்துக்குப் போட்டும் பார்க்கலாம். 'மிஸ் பூ' என்று ஒரு கார்ட்டூன் பெண் விற்பனையாளராகக் கூடவே வந்து பேசுவாள். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்ப செலவில்லை.

இதையெல்லாம் இன்றைக்குப் படிக்கும்போது ஒன்றும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது. திருப்பிப் பார்ப்பதும், பெரிதாக்கிப் பார்ப்பதும், இலவச ரிட்டர்னும் இப்போது சாதாரணம். மிஸ் பூவின் பேத்திகள்தான் இப்போது எல்லா வங்கி வலைத்தளத்தின் மூலையிலும் 'எப்படி உதவட்டும்' என்று எட்டிப் பார்க்கிறார்கள் (இவர்களும் உதவுவதில்லை என்பது வேறு கதை).

சிக்கல் எங்கே என்றால், அது வந்து சேர வேண்டிய வழியில். 1999ல் வீடுகளில் இருந்தது பெரும்பாலும் டெலிஃபோன் லைனில் ஓடும் மோடம். அதிலேயே வேகமான 56கே மோடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 56,000 பிட் என்றால் எட்டால் வகுக்க 7,000 பைட், அதாவது 7 கிலோபைட். அதுவும் கணக்குக்குத்தான், நடைமுறையில் 4, 5 கிலோபைட் வந்தால் பெரிது. 300 கிலோபைட் பக்கம் ஒன்று திறக்க ஒரு நிமிஷம் ஆகும். பூவின் பக்கங்களோ ஃபிளாஷும் ஜாவாஸ்கிரிப்டும் படங்களும் அடுக்கடுக்காக வைத்தவை. ஃபிளாஷ் இல்லாத கணினியில் ஓடாது. கடையே தனியாக ஒரு சின்ன ஜன்னலாகக் குதித்துத் திறக்கும். மேக் கணினி வைத்திருந்தவர்களால் ஆரம்பத்தில் உள்ளேயே போக முடியவில்லை. நாகரிக உடுப்பு விற்கும் கடைக்கு மேக்காரர்களை வாசலில் நிறுத்துவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள்!

2000 மே 18ஆம் தேதி கடை மூடப்பட்டது. திறந்து ஆறரை மாசம். செலவான பணம் சுமார் 13 கோடியே 50 லட்சம் டாலர். அந்தத் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதி கடைசியில் இரண்டரை லட்சம் பவுனுக்குக் கைமாறியது.

நியாயமாகப் பேசினால், வெப்சைட் மட்டுமே பூவைக் கொல்லவில்லை. ஊருக்கு ஊர் ஆஃபீஸ், விளம்பரம், நூற்றுக்கணக்கான ஊழியர்கள் என்று பணம் தண்ணீராக ஓடியது. 2000 மார்ச்சில் நாஸ்டாக் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்த பிறகு புதிதாகப் பணம் போட ஆளில்லை. ஆனால் வாங்க வந்தவர்கள் வாங்கியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும். வந்தவர்களில் பலருக்குக் கடையைப் பார்க்கவே முடியவில்லை என்பதுதான் என்னை உறுத்தும் விஷயம். கட்டியவர்கள் மேஜையில் அது பிரமாதமாக ஓடியிருக்கும். நிச்சயம் ஓடியிருக்கும்.

இத்தனைக்கும் விஷயம் தெரியாத காலம் இல்லை அது. டென்மார்க்காரர் யாகோப் நீல்சன் 1993லேயே ஒரு புத்தகத்தில் மூன்று எல்லைகளை எழுதி வைத்துவிட்டார். பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்தது போலிருக்கும். ஒரு விநாடிக்குள் வந்தால் யோசனை அறுபடாது. பத்து விநாடி தாண்டினால் ஆளின் கவனம் வேறெங்கோ போய்விடும். இதுகூட அவர் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. ராபர்ட் மில்லர் என்பவர் 1968ல் எழுதிய கட்டுரையில் இதற்கு வேர் இருக்கிறது. வலை பிறப்பதற்கு இருபது வருஷம் முன்னால்! அதே காலத்தில் அமேசான் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. 1995 ஜூலையில் திறந்த அந்தக் கடையின் பக்கம் பார்க்க ரொம்பச் சுமார். எழுத்தும் சின்னப் படங்களும் நீலநிற லிங்க்குகளும்தான். அவர்கள் மூளையைச் செலவழித்தது ஆர்டர் போடும் இடத்தில். ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு 1997ல் விண்ணப்பித்து 1999 செப்டம்பரில் காப்புரிமையே வாங்கிவிட்டார்கள். இவ்வளவு சாதாரண விஷயத்துக்குக் காப்புரிமையா என்று ஊரே திட்டியது. எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது, இன்னமும் படுகிறது. ஆனால் வாடிக்கையாளர் எந்தப் படியில் தடுக்கி விழுகிறார் என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

சரி, இப்போது என் கதை.

2001ல் நானும் இரண்டு நண்பர்களும் ஈரோட்டில் ஒரு மாடி அறையில் வெப் டிசைன் செய்துகொண்டிருந்தோம். பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, சிங்கப்பூர்ல என்ற மச்சினன் இருக்கறானுங்க. நம்மூரு ஆளுங்க அங்க கல்யாணத்துக்கு ஜமக்காளம் கேக்கறாங்களாமா. ஒரு வெப்சைட் போட்டுக் குடுங்க. தமிழ்லயே இருக்கோணும்" என்றார். முன்பணமாக 5,000 ரூபாயைக் கையில் வைத்தார். அந்த அறைக்கு மூன்று மாச வாடகை அது.

தமிழிலேயே இருக்கணும் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய கேள்வி என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அப்போது பெரும்பாலான தமிழ் வலைத்தளங்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய ஃபாண்ட்தான். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு ஃபாண்ட், ஒவ்வொன்றிலும் வேறு வரிசை. அந்த ஃபாண்டை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் தெரிவது ஆங்கிலமும் கோடும் புள்ளியும் கலந்த குப்பை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, அதைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது. அதற்கு முன்பே மின்னஞ்சல் குழுக்களில் பேசிப் பேசி உருவான டிஸ்கி இருந்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்திருந்தாலும், தமிழ் யூனிகோடைச் சரியாகக் காட்ட விண்டோஸ் 2000 வர வேண்டியிருந்தது. நாங்கள் பார்த்த பிரவுசிங் சென்டர்களில் இருந்ததோ விண்டோஸ் 98. மணிக்கு 30 ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருப்பவர் ஃபாண்ட் இறக்கப் போவதில்லை. இறக்கினாலும் நிறுவ சென்டர்காரர் விடமாட்டார்.

பக்கத்தோடு தானே இறங்கும் டைனமிக் ஃபாண்ட் என்று ஒரு வழி இருந்தது. நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகை, எக்ஸ்ப்ளோரருக்கு வேறு வகை, இரண்டையும் செய்து வைக்க வேண்டும். நாங்கள் சோம்பேறிகள் மட்டுமில்லை, கெட்டிக்காரர்கள் என்ற நினைப்பும் இருந்தது. தமிழ் எழுத்து அத்தனையையும் படமாக்கிவிட்டோம். கடைப் பெயர், விலைப்பட்டியல், விலாசம், ஃபோன் நம்பர் எல்லாமே படம். போதாததற்கு முகப்பில் ஃபிளாஷ். தறி ஓடும், நாடா போய் வரும், கோடு கோடாக ஜமக்காளம் விரியும். 400 கிலோபைட். எங்கள் அறையில் ஹார்ட் டிஸ்கிலிருந்து கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. பெரியவர் பார்த்துவிட்டு, "நம்ம தறியே ஓடற மாதிரி இருக்குதுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. மிச்சப் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டார்.

இரண்டு மாசம் கழித்து சிங்கப்பூர் மச்சினன் ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் அறைக்கே வந்தார். கோபமில்லை, குழப்பம்தான். அங்கே சிநேகிதர்களுக்கெல்லாம் விலாசம் கொடுத்தாராம். ஆஃபீசில் திறந்தவர்களுக்கு ஓடியிருக்கிறது. வீட்டு மோடத்தில் திறந்தவர்கள் முகப்பைத் தாண்டவே இல்லை. விலையைப் பார்த்துக் கடைக்காரருக்கு அனுப்ப நினைத்த ஒருத்தர், எழுத்தை நகலெடுக்க முயன்று முடியாமல் விட்டுவிட்டார். தேடுபொறியில் தேடினாலும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? படத்துக்குள் இருந்த எழுத்தைப் படிக்க அன்றைக்கு எந்தத் தேடுபொறிக்கும் தெரியாது. பெரியவரின் கடை வலையில் இருந்தது, ஆனால் இல்லை.

"இந்தத் தறியை மட்டும் எடுத்துட்டு நம்பரை மேல போட்டுக் குடுங்க தம்பி" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்படிச் செஞ்சா டிசைனே கெட்டுப் போகும்" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அடுத்த வருஷம் டொமைனைப் பெரியவர் புதுப்பிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நீல்சன் 2000 அக்டோபரிலேயே ஃபிளாஷைக் கடுமையாக விமர்சித்து எழுதியிருந்ததை நான் பின்னால்தான் படித்தேன். ஸ்டீவ் க்ரக் எழுதிய சின்னப் புத்தகமும் அதே வருஷம் வந்ததுதான். 2007ல் வந்த ஐஃபோனில் ஃபிளாஷ் ஓடவில்லை. 2020 கடைசியோடு ஃபிளாஷுக்கு அதன் நிறுவனமே மூடுவிழா நடத்திவிட்டது. எழுத்துச் சிக்கலும் ஒரு வழியாகத் தீர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பி பரவப் பரவ யூனிகோடும் பரவியது. 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் அதை ஏற்றது. பெரியவரின் ஜமக்காள விலையை இன்றைக்குத் தமிழில் போடுவது பத்து நிமிஷ வேலை.

நீல்சன் எழுதியவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது 2000 மார்ச்சில் வந்த கட்டுரை. ஒரு வடிவமைப்பில் உள்ள பெரிய கோளாறுகளைக் கண்டுபிடிக்க ஆயிரம் பேரைக் கூப்பிட வேண்டாம், ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தால் போதும், திருத்திவிட்டு மறுபடி ஐந்து பேரைக் கூப்பிடு என்பார். ஐந்து என்ற எண் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று பிற்பாடு நிறைய வாதம் நடந்தது. வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் நாங்கள் கூப்பிட்டது சைபர் பேரை. பூவில் எத்தனை பேரைக் கூப்பிட்டார்களோ, மோடம் வைத்திருந்த ஒருத்தரை வீட்டிலேயே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் ஒரு சாயங்காலம் சொன்னேன். 2001 பகுதியை முழுக்கச் சொன்னேன், 'டிசைனே கெட்டுப் போகும்' உட்பட. சிரித்தான். "இப்ப 5ஜி மாமா" என்றான்.

"சரிடா, உங்கம்மா ஃபோனைக் குடு" என்றேன். அக்காவின் ஃபோன் ஐந்து வருஷம் பழசு, திரையில் ஒரு கீறல். தளத்தைத் திறந்து அவளிடமே கொடுத்து, "நல்லெண்ணெய் 5 லிட்டர் என்ன விலைன்னு பாத்துச் சொல்லுக்கா" என்றேன். அவனிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா வட்டம் சுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோ வந்தது. செக்கைப் பார்த்து "நல்லாருக்குதே" என்றாள். விரலால் தள்ளினாள். இன்னொரு வீடியோ. தள்ளினாள். 'எங்கள் பயணம்' என்று தலைப்புப் போட்டு நாலு பத்தி. மறுபடி தள்ளினாள். பையன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மூலையில் மூன்று கோடு போட்ட இடத்தைத் தொட்டால் விலைப்பட்டியல் வரும். அந்த மூன்று கோடு பொத்தான் என்றே அவளுக்குத் தெரியாது.

கடைசியில் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்குடா இந்த ரோதனை, கடைக்கே போன் போட்டுக் கேக்கறேன், நம்பர் எங்க போட்டிருக்குது?" என்றாள்.

பையன் லேப்டாப்பைத் திறந்தான்.