செய்திக்குள் கால் வைக்கும்போது

தரம் 10 மாணவர்களுக்கு ஊடகக் கற்கை படிப்பிக்கிறேன். கடந்த தவணையில் ஒருநாள், அட்டை மட்டையில் செய்த கண்ணாடியொன்றுக்குள் எனது கையடக்கத் தொலைபேசியைச் செருகி, 'க்ளவுட்ஸ் ஓவர் ஸித்ரா' என்ற படத்தை ஒவ்வொருவராகப் பார்க்க வைத்தேன். ஜோர்தானின் ஸஃதரி அகதி முகாமில் வாழ்ந்த 12 வயதுச் சிரியச் சிறுமியின் கதை. ஐக்கிய நாடுகள் சபைக்காக எடுக்கப்பட்டு 2015 இல் வெளியானது. தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் முகாம் தெரியும். குனிந்தால் ஸித்ரா அமர்ந்திருக்கும் அதே தரை.

இதுபோன்ற 360 பாகைப் படத்துக்கு, எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் பதியும் கமராக்களைப் பயன்படுத்துகிறார்கள். அவை எடுக்கும் காட்சிகளைக் கணினி ஒன்றாகத் தைத்துவிடும். செய்தியாளருக்குத்தான் சிக்கல்: கமராவுக்குப் பின்னால் நிற்க அங்கே பின்புறமே இல்லை. ஓடி ஒளிய வேண்டியதுதான்.

அதே ஆண்டு நவம்பரில் நியூயோர்க் டைம்ஸ், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைக் கண்ணாடிகளைச் சந்தாதாரர்களுக்கு அனுப்பி, 'த டிஸ்பிளேஸ்ட்' படத்தைக் காட்டியது. உக்ரைன், சிரியா, தென்சூடானைச் சேர்ந்த இடம்பெயர்ந்த மூன்று பிள்ளைகளின் கதை அது. அல் ஜஸீரா 2017 இல் குதுபாலொங் முகாமின் ரோஹிங்யா மக்களிடம் இப்படிப் போனது. ஆனால் அட்டைக் கண்ணாடி மோகம் நீடிக்கவில்லை. 2021 இல் கூகுளே அதன் விற்பனையை நிறுத்திவிட்டது.

இன்னொரு வகை இருக்கிறது. என்னைச் சிந்திக்க வைத்தது அதுதான். அமெரிக்க ஊடகவியலாளர் நோனி டி லா பேனா, லொஸ் ஏஞ்சல்ஸில் இலவச உணவுக்கான வரிசையில் நீரிழிவு நோயாளி ஒருவர் மயங்கி விழுந்ததைக் கணினியில் மீளக் கட்டமைத்தார். ஒலி மட்டும் அசல் பதிவு. 2012 சன்டான்ஸ் விழாவில் அதைப் பார்த்தவர்களில் சிலர், விழுந்தவருக்கு உதவ முழந்தாளிட்டார்களாம். பின்னர் 'ப்ரொஜெக்ட் சிரியா'வில், அலெப்போத் தெருவில் சிறுமி பாடிக்கொண்டிருக்கக் குண்டு வெடிப்பதை அதே முறையில் காட்டினார்.

இதை விளக்கியபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப அந்தப் புள்ளட மொகம் ஆருட, சேர்?"

உடனே பதில் வரவில்லை. நடந்தது உண்மை, குரலும் உண்மை. முகம் செய்யப்பட்டது. அதைத் தயாரித்தவர் மறைக்கவில்லை. ஆனால் மறைக்க நினைப்பவர் கையில் இதே கருவி கிடைத்தால்?

2018 பெப்ரவரி அம்பாறையை நாம் மறக்கவில்லை. உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கூறி, சிங்களம் சரளமாகத் தெரியாத உணவக ஊழியர் ஒருவரை மிரட்டிக் கேட்டு, அவர் தடுமாறிச் சொன்ன பதிலைக் காணொளியாகப் பரப்பினார்கள். அடுத்த மாதம் திகன எரிந்தது. அரசு சமூக ஊடகங்களையே முடக்கியது. அது சாதாரணத் தொலைபேசிக் காணொளி. 'நானே அங்கு நின்று பார்த்தேன்' என்ற உணர்வைத் தரும் ஒன்றாக அது இருந்திருந்தால், மறுப்பறிக்கையை யார் வாசித்திருப்பார்?

ஆகவே பாடத்தில் சிறியதொரு பயிற்சியைச் சேர்த்துக்கொண்டேன். எந்தக் காட்சியையும் பார்த்த பின் கொப்பியில் மூன்று நிரல் போட வேண்டும்: பதிவானது எது, கட்டப்பட்டது எது, யார் சொல்லி அதை அறிந்தோம். மூன்றாவது நிரல்தான் பெரும்பாலும் வெறுமையாக வருகிறது. அந்த மாணவி மட்டும் அதில் எழுதியிருந்தாள்: "சேர் சொன்னார்."

அதற்குச் சரி போடுவதா பிழை போடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.