தொழிற்சாலை வாசலுக்கு உள்ளும் வெளியும்: ஜெர்மனியில் குடிவந்தோர் உரிமைகள், 1955–2025

வந்தவர்கள் முதலில் வந்த இடத்தோடு ஒன்றிப் பழகட்டும், உரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு ஐரோப்பிய அரசியலில் இன்று வலதுசாரிகளின் பேச்சு மட்டுமல்ல. மொழித்தேர்வும் குடிமைத்தேர்வும் வருமானச் சான்றும் படிகள். அவற்றின் முடிவில் தரப்படும் பரிசு குடியுரிமை. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைச் சோதிக்க ஜெர்மனி நல்ல களம். அங்கே ஒரே மனிதருக்கு ஓரிடத்தில் உரிமை கொடுத்து, பத்தடி தள்ளி அதை மறுத்தார்கள்.

1955 டிசம்பரில் இத்தாலியோடு தொடங்கிய ஆள்சேர்ப்பு ஒப்பந்தங்கள் 1961 அக்டோபரில் துருக்கியை எட்டின. இஸ்தான்புல்லில் இருந்த ஜெர்மானிய வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பல், நுரையீரல், முதுகெலும்பு எல்லாம் சோதித்துத்தான் ஆளெடுத்தார்கள். தேறியவர்கள் ரயிலில் மியூனிக் வந்து 11ஆம் நடைமேடையில் இறங்குவார்கள். அதன் அடியில் இருந்த போர்க்காலப் பதுங்குமிடம்தான் அவர்களைப் பிரித்து ஆலைகளுக்கு அனுப்பும் கூடம். துருக்கி ஒப்பந்தத்தின் முதல் வடிவம் இரண்டே ஆண்டு தங்கலாம், குடும்பம் கூடாது என்றது. 1964இல் ஆண்டுக்கெடு நீங்கியது. அதற்குக் காரணம் இரக்கமன்று. பழக்கியெடுத்த கைகளை இரண்டு ஆண்டுக்கொருமுறை இழப்பது முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஆலைக்குள் நிலைமை வேறு. உள்ளூர்க் கூலி குறைந்துவிடக் கூடாதே என்ற கவலையில், ஜெர்மன் தொழிற்சங்கங்கள் வந்தவர்களுக்கும் அதே ஊதியம், அதே சமூகக் காப்பீடு வேண்டுமென வலியுறுத்திப் பெற்றன. 1972இன் ஆலை நிர்வாகச் சட்டம், கடவுச்சீட்டு எந்த நாட்டினதாக இருந்தாலும் தொழிலாளர் மன்றத் தேர்தலில் வாக்களிப்பதோடு போட்டியிடவும் வழிசெய்தது. ஆக, கார் ஆலையில் கதவு பொருத்தும் ஒருவர் பணிமுறை நேரத்தைப் பற்றியும் உணவகத்துச் சாப்பாட்டைப் பற்றியும் மன்றத்தில் நின்று வாதாடலாம். வாசலைத் தாண்டினால், தன் பிள்ளை படிக்கும் பள்ளியை நடத்தும் நகராட்சியில் அவருக்குக் குரலில்லை. விளைவும் அப்படியே அமைந்தது. துருக்கியர் உலோகத் தொழிலாளர் சங்கத்தில் பெருந்திரளாகச் சேர்ந்தார்கள், பிரதிநிதிகளாக எழுந்தார்கள். ‘ஒட்டாத சமூகம்’ என்ற புகார் ஆலையைவிட அவர்கள் குடியிருந்த தெருக்களைப் பற்றியே அதிகம் எழுந்தது.

இதை அழகுபடுத்திச் சொல்லவும் கூடாது. 1973 ஆகஸ்டில் கொலோன் ஃபோர்டு ஆலையில், விடுமுறைக்கு ஊர் போய்த் தாமதமாகத் திரும்பிய ஏறத்தாழ 300 துருக்கியர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தொழிலாளர் மன்றமும் ஜெர்மானியத் தொழிலாளரில் பெரும்பாலோரும் கைவிட்டதால், ஒரு வாரத்தில் போராட்டம் அடக்கப்பட்டது. உரிமை இருந்தும் ஒற்றுமை வரவில்லையே என்று கேட்கலாம். ஆனால் மூட்டை கட்டிப் புறப்படப் போகிறவர் அடுத்த ஆண்டின் விடுமுறை விதிக்காகப் போராட மாட்டார். அந்த வேலைநிறுத்தமே அவர்கள் அங்கு வேரூன்றியதற்குச் சான்று.

அதே ஆண்டு நவம்பரில், எண்ணெய் நெருக்கடியின் நடுவே, ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அதுவரை வந்த சுமார் 1.4 கோடிப் பேரில் 1.1 கோடிப் பேர் தாமாகவே திரும்பியிருந்தார்கள். கதவை மூடியதும், போனால் திரும்பி வர முடியாது என்ற அச்சத்தில் மீந்தவர்கள் தங்கினார்கள். மனைவி மக்களையும் வரவழைத்தார்கள். இவர்கள் இனி இங்கேதான் என்று ஏற்றுக்கொள்ளுங்கள், உள்ளாட்சி வாக்குரிமை கொடுங்கள் என 1979இலேயே ஹைன்ஸ் கூன் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அவர் வெளிநாட்டவர் நலனுக்கான முதல் கூட்டாட்சி ஆணையர். அறிக்கை கிடப்பில் போனது. மாறாக 1983இல் ஊர் திரும்புவோருக்கு 10,500 மார்க் தருவதாகச் சட்டம் வந்தது. பவேரியாவில் துருக்கிப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைத்துத் தாய்மொழியில் நடத்தினார்கள், நாளைக்கு ஊர் திரும்பினால் உதவும் என்று. அந்தப் பிள்ளைகளைத்தான் பிற்பாடு ஜெர்மன் தெரியவில்லை என்று குறை சொன்னார்கள். நாடு தழுவிய ஒருங்கிணைப்பு வகுப்புகளை அரசு தொடங்கியது 2005இல், முதல் ஒப்பந்தத்துக்கு ஐம்பது ஆண்டு கழித்து.

இந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்தவர்களில் அர்மாந்தோ ரோட்ரிகெஸ் ஒருவர். 1964 செப்டம்பரில் பத்து இலட்சமாவது தொழிலாளி என்று கொலோன் ரயில் நிலையத்தில் மாலை மரியாதையோடு வரவேற்று, ஒரு மொபெட்டும் பரிசளித்தார்கள். அந்தப் படம் இன்றும் ஜெர்மானியப் பாடநூல்களில் உண்டு. பின்னாளில் புற்றுநோய் வந்து போர்ச்சுகல் திரும்பினார். காப்பீட்டில் தமக்கு உரிமை உண்டென்பது தெரியாமல் சேமிப்பையெல்லாம் மருத்துவத்துக்குச் செலவிட்டு 1979இல் இறந்தார். எனவே மொழியும் தகவலும் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அவற்றைக் கொடுக்க வேண்டிய கடமை வரவழைத்தவருக்கு என்பதுதான்.

வரிசையைப் பற்றிய கேள்விக்கு நேரடிச் சான்று பக்கத்து நாட்டில் உண்டு. சுவிட்சர்லாந்தின் சில நகராட்சிகளில் 2003 வரை, குடியுரிமை கேட்டவரின் விவரம் அச்சிட்ட தாளை வீடுதோறும் அனுப்பி, ஊர்மக்களே இரகசிய வாக்கில் முடிவு செய்தார்கள். 2000இல் எம்மென் நகரில் இத்தாலியர்களுக்கு மட்டும் கிடைத்தது. யூகோஸ்லாவிய வழியினர் அனைவருக்கும் மறுக்கப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்றம் 2003இல் இம்முறையை நீக்கியது. ஹைன்முல்லர், ஹாங்கார்ட்னர், பியெத்ரான்துவோனோ ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இந்த வாக்கெடுப்புகளில் மயிரிழையில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். தகுதியில் வேறுபாடில்லாத இவர்களுள் வென்றவர்களே பல ஆண்டுகளுக்குப் பின் அரசியல் அறிவிலும் சமூக ஈடுபாட்டிலும் மேலே நின்றார்கள். அதிகம் ஒதுக்கப்பட்டவர்களிடம் இந்தப் பயன் கூடுதல். சீக்கிரம் கிடைத்தவர்களிடம் இன்னும் கூடுதல்.

எதிர்ச்சான்றும் உண்டு. 2000 ஜனவரி 1 முதல், எட்டு ஆண்டு வசித்த பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது. அந்த நாளுக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்ட பொருளியலாளர்கள், முஸ்லிம் குடும்பத்துப் பெண்பிள்ளைகளிடம் மனநிறைவும் தன்னம்பிக்கையும் குறைந்திருக்கக் கண்டார்கள். மகளுக்கு வழி விரிய விரியப் பெற்றோரின் பிடி இறுகியது என்பது அவர்கள் தரும் விளக்கம். உரிமை எல்லா வீட்டிலும் ஒரேபோல் வேலை செய்வதில்லை. ஆனால் இதிலிருந்து அந்தப் பெண்ணின் குடியுரிமையைத் தள்ளிப்போட வேண்டும் என்ற முடிவுக்குப் போக முடியாது. அவளுக்கு வீட்டுக்கு வெளியேயும் துணை வேண்டும் என்ற முடிவே பொருந்தும்.

உரிமையை முதலில் கொடுத்தால் குடியுரிமை மலிந்துவிடும் என்பது வழக்கமான மறுப்பு. நடைமுறை அதை ஆதரிக்கவில்லை. ஓரிரு மாநிலங்கள் வெளிநாட்டவருக்குக் கொடுத்த உள்ளாட்சி வாக்குரிமையை 1990இல் இரத்து செய்த அரசியல்சாசன நீதிமன்றம், குறை இருந்தால் குடியுரிமைச் சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று வழியும் காட்டியது. அது நடக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. இடையில் 1992இல் ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கு மட்டும் அதே வாக்குரிமையை அரசியல்சாசனத் திருத்தத்தால் கொடுத்தார்கள். சில மாதம் முன் டூயிஸ்பர்க் வந்த பல்கேரியர் மேயரைத் தேர்ந்தெடுக்கலாம். ஐம்பது ஆண்டு அங்கே உருக்காலையில் வெந்த துருக்கி ஓய்வூதியர், பழைய கடவுச்சீட்டோடே இருந்தால், முடியாது. இங்கே அளவுகோல் ஒருங்கிணைப்பா?

2024 ஜூனில் வந்த சட்டம் குடியுரிமைக்கான காத்திருப்பை ஐந்து ஆண்டாகக் குறைத்தது, இரட்டைக் குடியுரிமையைப் பொதுவாக அனுமதித்தது. 1974 ஜூனுக்குள் வந்த தொழிலாளர்களுக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம், பேச்சு ஜெர்மன் போதும் என்றும் சொன்னது. அவர்களில் இளையவர்களே எழுபதை ஒட்டியவர்கள். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது: மொழியில் உயர்தேர்ச்சி, வேலையிலோ சமூகப் பணியிலோ சிறப்பு, சொந்த வருமானம் மூன்றும் உள்ளவருக்கு மூன்றே ஆண்டில் குடியுரிமை. ஒன்றிப் பழகியவருக்கே உரிமை என்ற கொள்கை எழுத்து மாறாமல் சட்டமாகியிருந்த இடம் அது. 2025 அக்டோபரில் நாடாளுமன்றம் நீக்கியது அந்தப் பிரிவைத்தான்.